மருத்துவமனைக்கு ரூ.5 லட்சம், மின்விசிறிக்கு?

பெங்களூரு: கோடை வெப்பத்தால் நோயுறும் ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவச் செலவை ஏற்க அரசு ஆயத்தமாக இருக்கிறது. நோயுறாமல் வீட்டிலேயே காத்துக்கொள்ள ஒரு மின்விசிறி வாங்க அந்தக் காப்பீட்டில் இடமில்லை.

2018-இல் மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், கர்நாடகத்தில் மாநில அரசின் ஆரோக்கிய கர்நாடக திட்டத்துடன் இணைத்துச் செயல்படுத்தப்படுகிறது. உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் ஆயுஷ்மான் பாரத்தின் கதவு திறக்கும். வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்துச் செலவும் உண்டு. அந்த 15 நாளும் நோயாளி தகரக் கூரையின் கீழ்தான் படுத்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்!

குளுமைக்குப் பெயர்பெற்ற பெங்களூருக்கு இக்கவலை எதற்கு என்று கேட்கலாம். 2016 ஏப்ரலில் இந்நகரில் 39.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. 2024 ஏப்ரலில் மழையே இல்லை. மாத இறுதியில் வெப்பம் 38.5 டிகிரியை எட்டியது. சமவெளிப் பகுதிகளில் 40 டிகிரியைத் தொட்டால்தான் வெப்ப அலைக் கணக்கே தொடங்கும் என்பது வானிலை ஆய்வுத் துறையின் அளவுகோல். தகரக் கூரைக்கு உள்ளே நிலவும் வெப்பம் அந்தக் கணக்கில் வராது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்த நம்மவர் பலர் அத்தகைய கூரைகளின் கீழ்தான் வாழ்கின்றனர்.

மின்விசிறி இருந்தாலும் மின்கட்டணம் இருக்கிறதே. 2023-இல் கர்நாடக அரசு தொடங்கிய கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை இலவசம் என்பதே பரவலான பேச்சு. உண்மையில், ஒரு குடும்பம் 2022-23-இல் பயன்படுத்திய சராசரி மின்சாரத்துடன் 10 சதவீதமே கூடுதலாக அனுமதிக்கப்பட்டது. இது குறைவாகப் பயன்படுத்துவோருக்குப் பாதகம் என்பதால், 48 யூனிட்டுக்கும் குறைவான சராசரி உடையோருக்கு 10 சதவீதத்துக்குப் பதிலாக 10 யூனிட் என 2024 ஜனவரியில் மாற்றப்பட்டது. 150 வாட் ஏர் கூலர் தினமும் 10 மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட் செலவாகும். அந்த 10 யூனிட் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். முன்பே தாராளமாகச் செலவிட்ட வீட்டுக்குச் சலுகை அதிகம். ஒற்றை விளக்குடன் காலம் தள்ளியவருக்குக் குறைவு.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டின் கீழ், வெப்பத்தால் உடல்நலம் கெடும் அபாயம் உள்ள தகுதியானவர்களுக்கு 2024 மார்ச் முதல் குளிர்சாதனக் கருவியையே வழங்கத் தொடங்கியது. அந்த வசதி நமக்கில்லை என்பது உண்மைதான். ஆனால், குஜராத்தின் 'சேவா' பெண் தொழிலாளர் சங்கம் அதே ஆண்டில், வெப்பம் குறித்த அளவைக் கடந்ததும் மருத்துவமனைச் சீட்டு எதுவும் கேட்காமல் சுமார் 46 ஆயிரம் பெண்களுக்கு ஏறத்தாழ ரூ.400 வீதம் கிடைக்கச் செய்தது. தொகை சிறிது. எனினும், நோய் வரும்வரை காத்திராத காப்பீடு இந்தியாவிலும் இயலும் என்பதை அது காட்டியது.

காப்பீட்டு விதிகளை மாற்ற தில்லி மனம் வைக்க வேண்டும். கிருஹ ஜோதி விதியை மாற்றப் பெங்களூரு விதான சௌதாவே போதும். மார்ச் முதல் மே வரையிலாவது பழைய சராசரிக் கணக்கைக் கைவிட்டு, 200 யூனிட்டையும் முழுமையாக அளிக்க ஓர் அரசாணைதான் தேவை.