கண்மாய்க் கரையும் கணிப்பொறியும்

முதுகுளத்தூர் வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் பெய்யும் மழைநீரைக் கண்மாயிலே தேக்கி அங்குள்ள உழவர் பயிர் செய்கின்றனர். கரையில் ஓரிடத்தே நண்டு வளை தோண்டினால், நாளடைவில் அவ்வளையே உடைப்பாகும். அருகிலுள்ள வயல் மட்டுமன்றி ஊரே பாழாகும். ஆதலின், நம் முன்னோர் குடிமராமத்து என்னும் முறையை வகுத்தனர். மடையும் கலுங்கும் கட்டுதல் ஆள்வோர் கடன். கரைக்கு மண்ணிட்டுக் காத்தல் ஊரார் கடன்.

இணையத்தோடு இணைந்த வீட்டுக் கணிப்பொறியும் இத்தகையதே. அதிற் புகுந்த நச்சுநிரல், உடையவர் அறியாமலே பிறர் கணிப்பொறிகளையும் தாக்கும். அங்ஙனமாயின், அதனைக் காக்கும் பொறுப்பு யாருடையது?

2016-ஆம் ஆண்டில் மிராய் என்னும் நச்சுநிரல், வீடுகளிலிருந்த கண்காணிப்புக் கேமராக்களையும் இணைய இணைப்புக் கருவிகளையும் பற்றிக்கொண்டது. அவற்றை ஏவி, புகழ்பெற்ற இணையதளங்கள் பலவற்றை அமெரிக்காவிற் சில மணிநேரம் முடக்கினர். ஆலையில் இட்ட பொதுவான கடவுச்சொல்லே பகைவர்க்கு வாயிலாயிற்று. சில கருவிகளில் அதனை மாற்றவும் வழியில்லை. பூட்டே பழுதாயின், வீட்டுக்காரரை நோவதாற் பயன் என்ன? இது செய்தளித்தவர் குற்றமேயாம்.

மறு ஆண்டு மே மாதத்தில் வானாக்ரை என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச்சு மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதனை ஏற்ற கணிப்பொறிகள் தப்பின. ஏற்காதவை பல அகப்பட்டன. கையிலே மருந்திருந்தும் உண்ணாதார்க்கு மருத்துவர் என் செய்வார்?

ஆகவே, பொறுப்பு ஒருவர் தலையில் மட்டும் விழுவதன்று. பாரத ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த விதியும் இக்கருத்தினதே. இணையவழிப் பணம் களவு போனது வங்கியின் குறையாலாயின், இழப்பு வங்கியைச் சாரும். வாடிக்கையாளர் தம் மறைச்சொல்லைப் பிறர்க்கு உரைத்ததாலாயின், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேரும் இழப்பு அவரையே சாரும் என்பது அவ்விதி. மைய அரசும் அதே ஆண்டில் சைபர் சுவச்சதா கேந்திரா என்னும் நிலையத்தைத் தொடங்கி, நச்சுநிரல் களையும் கருவிகளை இலவசமாக வழங்கலாயிற்று.

அறிவும் ஆற்றலும் மிக்கவரிடத்துப் பொறுப்பும் மிகுதி. எனவே, உறுதியான கருவியைச் செய்தலும், ஓட்டை கண்டவிடத்து அடைத்தலும் நிறுவனத்தார் கடன். முறை வகுத்துக் கண்காணித்தல் அரசின் கடன். திருத்தங்களைத் தாழாது ஏற்றல், கடவுச்சொல்லை மறைத்துக் காத்தல், அறியாதார் அனுப்பும் இணைப்பைத் திறவாதிருத்தல், பணம் பறிபோயின் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தல் ஆகியன வீட்டார் கடன்.

கலுங்கு எத்துணை வலிதாயினும், தன் வயலருகே உள்ள வளையை உழவன் அடையாது விட்டால் கண்மாய் நில்லாது. உழவர் எத்துணை மண் சுமந்தாலும், மடை பழுதாயின் நீர் தங்காது. அவரவர் பங்கை அவரவர் செய்யின், ஊர் முழுதும் நலம் பெறும்.