கிதார்ச் சுருளும் அதனைச் சுற்றிய கைகளும்

பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை ஆகியவற்றைப் பாடம் சொல்வோர் ஒன்றைக் கவனித்திருப்பர். யாழின் உறுப்புகளைப் புலவர்கள் எவ்வளவு நுணுக்கமாக வருணிக்கின்றனர்! பத்தல், போர்வை, ஆணி, மருப்பு, திவவு, நரம்பு என்று அடுக்கிப் பலவற்றுக்கு உவமையும் கூறுவர். அதனை மீட்டும் பாணனுக்கும், உடன் செல்லும் விறலிக்கும் அப்பாடல்களில் சிறப்பிடம் உண்டு. ஆனால், யாழைச் செய்த கை யாருடையது என்ற பேச்சு அரிது. வாசிப்பவரைப் போற்றிச் செய்தவரை மறக்கும் இவ்வழக்கம் மின்கிதார் பிறந்த இருபதாம் நூற்றாண்டிலும் மாறவில்லை. அக்கருவிக்குக் குரல் கொடுத்தவர்களுள் பெண்கள் பலர் என்பது நெடுங்காலம் பேசப்படாமலே கிடந்தது.

மின்கிதாரின் உயிர்நிலை 'பிக்கப்' எனப்படும் சிறு உறுப்பு. இதனை 'ஒலிவாங்கி' என்று தமிழாக்குவோர் உளர். அது பொருந்தாது. ஒலிவாங்கி காற்றின் அதிர்வை வாங்குவது. பிக்கப்போ காற்றைப் பொருட்படுத்துவதே இல்லை. நரம்பின் இரும்பை மட்டுமே அது உணர்கிறது. 'நரம்புணரி' என்றால் ஓரளவு ஒட்டும்.

ஃபெண்டர் கிதார்களில் இவ்வுறுப்பின் அமைப்பு எளிது. ஆறு நரம்புகளுக்கு நேராக ஆறு சிறு காந்தக் கோல்கள் இரண்டு தகடுகளுக்கிடையே நிற்கும். அவற்றைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியைச் சுமார் எட்டாயிரம் சுற்றுகள் சுற்றியிருப்பர். எஃகு நரம்பு காந்தத்தின் மேலே அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அசையும் புலம் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே. நரம்பு நொடிக்கு 110 முறை அதிர்ந்தால் மின்னோட்டமும் 110 முறை அலைவுறும். பித்தளை நரம்புக்கு இச்சுருள் செவிடு. வீணையில் எஃகுக் கம்பிகளோடு பித்தளை, வெண்கலக் கம்பிகளும் பூட்டப்படுவதால், உடலதிர்வை ஏற்கும் வேறுவகைக் கருவியை வீணைக் கலைஞர் சிலர் ஒட்டிக்கொள்வதுண்டு. கோல்களைத் தாங்கும் தகட்டுக்கு 'வல்கனைஸ்டு ஃபைபர்' என்று பெயர். நம் பேராக் மக்களுக்கு அப்பெயரில் ரப்பர் வாடை வீசும். உண்மையில் அதில் ரப்பர் துளியும் இல்லை, இரசாயனத்தில் பதப்படுத்திய தாளே அது.

இனித்தான் கைவேலையின் அருமை. கம்பியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. தலைமயிரை விட மெல்லியது. பொறி சட்டத்தைச் சுழற்றும்; கம்பியை வழிநடத்துவது தொழிலாளியின் விரல்கள். இழுப்பு மிகுந்தால் கம்பி அறுந்துவிடும், குறைந்தால் சுற்று தளர்ந்துவிடும். தளர்ந்த சுருள் பெருக்கியின் முன்னே தானாகவே வீறிடத் தொடங்கும். இதனைத் தடுக்க உருக்கிய மெழுகில் முக்குவதும் உண்டு. கையால் சுற்றும்போது சுற்றுகள் ஒரே சீராக அமையாமல் சற்றே குறுக்கும் நெடுக்குமாகப் படியும். அதனால்தான் அச்சுருளின் நாதம் தனித்து ஒலிக்கிறது என்பது இசைஞர் பலரின் துணிபு. இதில் எவ்வளவு மெய், எவ்வளவு மயக்கம் என்பது இன்றும் வழக்காடப்படும் செய்தி.

கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டர் நடத்திய தொழிற்கூடத்தில் சுருள் சுற்றவும் பெருக்கிகளில் கம்பி பற்றவைக்கவும் பெண்கள் அமர்த்தப்பட்டனர். மெக்சிக்க வழிவந்தோர் அவர்களுள் பலர். அக்காலப் பெருக்கிகளைத் திறந்து பார்ப்போர், உள்ளே ஒட்டிய காகித நாடாவில் 'லில்லி' என்ற பெயரைக் காண்பதுண்டு. அவ்வேலையை முடித்தவர் இட்ட அடையாளம் அது. இன்று பழம்பொருள் சேகரிப்போர் அப்பெயரைக் கண்டால் மகிழ்கின்றனர்.

அபிகெயில் இபாரா என்னும் அம்மையார் 1956இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதார் வெளிவந்து அப்போது ஈராண்டுகளே ஆகியிருந்தன. 1965இல் நிறுவனம் சி.பி.எஸ். கைக்கு மாறியது, பிறகு மீண்டும் கைமாறியது. அம்மையாரோ சுருளை விடவில்லை. பின்னாளில் நிறுவனத்தின் தனிப்பட்டறையில் அவர் சுற்றியவற்றில் அவர் பெயரின் முதலெழுத்துகள் இடம்பெற்றன. அவற்றுக்கு விலையும் மதிப்பும் ஏறின. 2013இல் ஓய்வு பெற்றார். ஐம்பதாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பு! புகழ் வந்தது பிற்பகுதியில்தான்.

ஏன் பெண்கள்? 'அவர்களுக்கு இயல்பாகவே மெல்லிய விரல்கள், பொறுமை மிகுதி' என்பது தொழில் உலகம் வழக்கமாகக் கூறும் விடை. பாராட்டுப் போல ஒலிக்கும் இவ்விடையில் ஒரு கண்ணி உண்டு. 1981இல் டயேன் எல்சன், ரூத் பியர்சன் என்னும் இரு அறிஞர்கள் இதனை அவிழ்த்துக் காட்டினர். விரல் திறன் பிறவிக் குணம் அன்று. தையல் முதலிய வீட்டு வேலைகளில் சிறுமியர் ஆண்டுக்கணக்கில் பெற்ற பயிற்சி அது. வீட்டில் பெற்றதால் அது பயிற்சியாகக் கணக்கில் வருவதில்லை. கணக்கில் வராத திறனுக்குக் கூலியும் இல்லை.

இக்கருத்தின் உண்மையைப் பேராக்கில் எளிதில் உணரலாம். பால்மரம் சீவும் பெண், உயிர்ப்படையைக் காயப்படுத்தாமல் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே பட்டையை எடுக்கிறாள். அரையிருட்டில், கொசுக்கடியில், நூற்றுக்கணக்கான மரங்களில்! அவளை எந்தப் பதிவேடும் நுண்தொழிலாளி என்று எழுதியதில்லை. 1972இல் ஈப்போவில் கார்செம் தோன்றிய பின் குறைகடத்தித் தொழில் இம்மாநிலத்தில் வேரூன்றியது. நுண்ணோக்கியின் கீழ் மயிரினும் மெல்லிய பொன் கம்பியைச் சில்லில் இணைக்கும் வேலைக்குப் பெண்களே பெரிதும் எடுக்கப்பட்டனர். தோட்டப்புறத்துப் பிள்ளைகளும் பேருந்தேறி அத்தகைய ஆலைகளுக்குச் சென்றனர். பொருள் வேறு, விரலுக்கு வேண்டிய நிதானம் ஒன்றே.

பெண்கள் சுற்றுவதோடு நின்றனர் என்று எண்ணுதல் பிழை. இங்கிலாந்தின் டாஃப்னி ஓரம் 1958இல் பி.பி.சி. ஒலிப்பட்டறை தொடங்கக் காரணமானவருள் ஒருவர். மறு ஆண்டே அதைவிட்டு விலகிக் கென்டில் தாமே ஒரு கூடம் அமைத்தார். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் வரைந்த கோடுகளை ஒலியாக மாற்றும் பொறியை அங்கே உருவாக்கினார். கோட்டின் வளைவே இசையின் வளைவு! அவருக்கும் உரிய பெயர் காலந்தாழ்த்தியே கிடைத்தது.

இபாரா அம்மையார் தம் கலையை ஹோசஃபினா காம்போஸ் என்பவருக்குக் கற்பித்துவிட்டே வெளியேறினார். அவர் சுற்றிய சுருள்களும் அவர் பெயரோடு விற்பனைக்கு வந்தன.