இடது கையில் ஒரு 'கிர்ர்...'

கல்யாணமான புதிதில் மனைவியின் கையைத் தொட்டால் 'கிர்ர்' என்று ஷாக் அடிக்கும் என்று தொடர்கதைகளில் படித்திருப்பீர்கள். என் மனைவியின் இடது கை நிஜமாகவே 'கிர்ர்' என்கிறது. அதுவும் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து!

காரணம், டயாலிசிஸ். இரண்டு கிட்னியும் கைவிட்டதும், மணிக்கட்டுப் பக்கம் தமனியையும் சிரையையும் இணைத்து ஆபரேஷன் செய்தார்கள். 'ஃபிஸ்டுலா' என்று பெயர். அதில் ரத்தம் வேகமாகப் பாயும் அதிர்வுதான் அந்தக் கிர்ர். நின்றுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தக் கையில் பி.பி. பார்க்கக்கூடாது, பை தூக்கக்கூடாது, இறுக்கமான வளையல் கூடாது. வளையலெல்லாம் வலது கைக்கு ட்ரான்ஸ்ஃபர்!

வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் மெஷின். காபி, ரசம் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு லிட்டர்தான் ரேஷன். துணைக்கு நானும் தண்ணீரைக் குறைத்தேன்.

"எனக்குக் கிட்னி போச்சு. உங்களுக்கு மூளையுமா?" என்றாள்.

பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் பாசத்தோடு இளநீர் வாங்கி வருகிறார்கள். அதிலுள்ள பொட்டாசியம் இவளுக்கு ஆகாது. அத்தனையும் என் வயிற்றுக்கு!

'என் கிட்னியை எடுத்துக்குங்க' என்று போய் நின்றேன். 1994 சட்டப்படி கணவன் மனைவிக்குத் தரலாம். ஆனால் இவள் 'ஓ' குரூப், நான் 'பி'. பத்துப் பொருத்தம் பார்க்காத கிறிஸ்தவக் கல்யாணம் எங்களுடையது. இந்த ஒரு பொருத்தமாவது பார்த்திருக்கலாம்! குரூப் மாறினாலும் செய்கிற முறை இருக்கிறது. செலவைக் கேட்டதும் என் 'பி' குரூப் உறைந்துவிட்டது. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

பீடத்தின் முன்னால், நோயிலும் பிரமாணிக்கமாக இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தபோது நான் கவனித்தது போட்டோகிராஃபரைத்தான். தம்பிகளே, நீங்களாவது அந்த வார்த்தையைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

ஒருநாள் கோபத்தில் ஜெபமாலையை வீசிவிட்டேன். இவள் குனிந்து எடுத்து என் கையில் வைத்தாள்.

"ஆண்டவர்கிட்ட சண்டை போடுங்க. பேசாம மட்டும் இருந்துடாதீங்க."

பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாள். 1993 முதல் உலக நோயாளர் தினமும் அதுதான்; அறிவித்தவர் போப் இரண்டாம் ஜான் பால். பெரம்பூர் கோயிலுக்குப் போனோம். ஃபாதர் இவள் நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசினார்.

பஸ்ஸில் கேட்டேன்: "என்ன வேண்டிக்கிட்டே?"

கிட்னி என்பாள் என்று நினைத்தேன்.

"ஒரு சொம்புத் தண்ணி. அண்ணாந்து மடமடன்னு குடிக்கணுங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ராத்திரி படுக்குமுன் அந்தக் கையைத் தொட்டுப் பார்ப்பது என் டியூட்டி. எனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்குள் சொல்லிவிடுவேன்.

"ஓடுதா?" என்பாள், கண்ணைத் திறக்காமல்.

"ஓடுது. தூங்கு."