பாட்டி வீட்டில் நர்ஸ் எதையெல்லாம் பார்க்கிறார்?

மருத்துவமனைக்கு வரும் பாட்டி நல்ல புடவை கட்டி, தலை சீவி, “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். வீட்டில் அது நடக்காது. உயரமான நிலைப்படி, கொல்லைப்புறத்துக் கழிப்பறை, பாதி சாப்பிட்டு மூடி வைத்த தட்டு எல்லாமே நர்ஸின் கண்ணில் படும்.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரைகள் வீடு தேடிப் போகின்றன. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்க்க நோய்த்தணிப்புச் செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் போகிறார்கள். மாத்திரை கொடுப்பது எளிது. பாட்டிக்கு என்ன தேவை என்று கண்டுபிடிப்பதில்தான் செவிலியரின் திறமை இருக்கிறது.

78 வயதுப் பாட்டி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பல வருடமாகச் சர்க்கரையும் பிபியும் உண்டு. போன மாதம் விடியற்காலையில் கழிப்பறைக்குப் போகும்போது விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை என்பதால் வீட்டில் எல்லோரும் அதை மறந்தாயிற்று. நர்ஸ் மறக்கவே கூடாத செய்தி அதுதான். ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு இரு மடங்கு.

உட்கார வைத்துப் பார்த்தால் பிபி ஒழுங்காகத்தான் இருக்கும். ஐந்து நிமிடம் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், விழுந்ததற்கு ஒரு காரணம் சிக்கிவிட்டது. அடுத்தது நடை. நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனம் தேவை.

குளியல், உடுத்துதல், கழிப்பறை, எழுந்து நகர்தல், சிறுநீர் மல அடக்கம், சாப்பாடு ஆகிய ஆறையும் வைத்து ஒருவர் எவ்வளவு தூரம் பிறர் உதவியின்றி இருக்கிறார் என்று அளக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் குழுவினர் 1963-இல் வெளியிட்டார்கள். இன்றும் அதுவே பயன்படுகிறது. ஆனால் கேள்விக்குப் பதில் சொல்வது யார்? “எல்லாம் நான்தான் செய்யறேன்” என்பார் மருமகள். “நானேதான் குளிச்சுக்கறேன்” என்பார் பாட்டி. “கட்டில்லருந்து எழுந்து காட்டுங்க பாட்டி” என்று சொல்லிப் பார்ப்பதே மேல்.

பிறகு மாத்திரை டப்பா. அதைக் கவிழ்த்துக் கொட்டினால் பாதிக் கதை தெரிந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையம் கொடுத்த மருந்தே தனியார் டாக்டர் எழுதிய வேறு பெயரிலும் இருக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மூட்டுவலி மாத்திரை பிபியை ஏற்றும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். புரட்டாசி சனிக்கிழமை ஒருபொழுது இருந்துகொண்டு, சர்க்கரைக்கான கிளிபென்கிளமைடு மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். மருந்தை மாற்றுவது நர்ஸின் வேலை அல்ல. பார்த்ததை எழுதி மருத்துவரிடம் சேர்ப்பது அவர் வேலை.

இனிப் பராமரிப்புத் திட்டம். கோப்புக்காக எழுதப்படும் திட்டங்களே இங்கே அதிகம். ‘விழாமல் பாதுகாக்கவும்’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. கழிப்பறை வழியில் ராத்திரி விளக்கு, கட்டிலோரம் துளை வைத்த கழிப்பு நாற்காலி, எழுந்ததும் இரண்டு நிமிடம் கால் தொங்கவிட்டு உட்காருதல், தினமும் பாதத்தில் புண் உண்டா என்று பார்த்தல் என்று செயலாக எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு ஆள் பெயரும் வேண்டும். மருமகள் நூறு நாள் வேலைக்குப் போகிறவர் என்றால் மதிய மாத்திரையை எடுத்துக் கொடுப்பது யார்? அதற்கு விடை இல்லாத திட்டம் மதியத்துக்குள் செத்துவிடும்.

பாட்டியின் ஆசையையும் கேட்க வேண்டும். “மாரியம்மன் கோயில் வரைக்கும் நடந்து போய் வந்தாப் போதும்” என்றால், அந்தத் தூரம்தான் பிசியோதெரபிஸ்ட்டின் இலக்கு. நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து எழும் பயிற்சியை அதற்குச் செய்யச் சொன்னால் பாட்டி செய்வார். ‘தசை வலிமை’ என்று சொன்னால் நாளைக்குப் பார்க்கலாம் என்பார்.

புறப்படும்போது மருமகளிடம் நர்ஸ் ஒன்றை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென உளறினாலோ, பகலெல்லாம் மயங்கித் தூங்கினாலோ, வயசாயிடுச்சு என்று விட்டுவிடக் கூடாது. முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ காய்ச்சலே இல்லாமலும் வரும். சர்க்கரை இறங்கினாலும் இப்படித்தான் இருக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். வண்டிக்கு 108.