டயருக்கு வயசு என்ன, ஸார்?

வாசலில் நிற்கிறதே உங்கள் பைக், அதன் பின் டயரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? வண்டி வாங்கின அன்றைக்கு எலுமிச்சம்பழம் வைத்தபோதா? வெட்கப்படாதீர்கள். நானும் அந்தக் கட்சிதான், 2023 நவம்பர் வரை.

அன்றைக்கு அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். மழைகூட இல்லை. கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கிற மாதிரி ஒரு தூறல். கிண்டி பக்கம் சிக்னலில் மஞ்சள் விழ, நல்ல பிள்ளையாக பிரேக் பிடித்தேன். வேகம் முப்பதுக்கு மேல் இருக்காது. தரையில் அடித்திருந்த வெள்ளைப் பெயின்ட் மேல் பின் சக்கரம் ஏறியது. அவ்வளவுதான்... வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம்!

பின்னால் வந்த தண்ணி லாரி, நாலடி தள்ளி நின்றது. அந்த நாலடியை நினைத்தால் இன்னமும் அடிவயிற்றில் என்னவோ செய்கிறது. அம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, புடவையெல்லாம் சேறு. எழுந்து உட்கார்ந்து அவர் கேட்ட முதல் கேள்வி: "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையேடா?"

அம்மாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, வளைந்த ஹேண்டில்பாரோடு எங்கள் தெரு பஞ்சர் கடைக்கு வந்தேன். பாய் டயரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"புது டயர்தானே பாய்? போன வருஷம்தான் போட்டேன். பட்டன்கூடத் தேயலை பாருங்க" என்றேன் ரோஷமாக.

"பட்டன் இருக்கு தம்பி. ரப்பர் செத்துப் போச்சே!" என்று கட்டை விரல் நகத்தால் அழுத்திக் காட்டினார். கருங்கல் மாதிரி இருந்தது. பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாய் வெடிப்பு. அப்புறம், முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருந்த நாலு எண்ணைத் துடைத்துக் காட்டினார். 1116.

"இதான் தம்பி ஜாதகம். முன்னாடி ரெண்டு எண் வாரம். பின்னாடி ரெண்டு வருஷம். 2016-ல பதினோராவது வாரம் பொறந்திருக்கு."

எனக்குத் தலை சுற்றியது. நான் 'புதுசாக' வாங்கும்போதே அதற்கு வயசு ஆறு! ஒண்ணாங்கிளாஸ் அட்மிஷன் போடுகிற வயசு. கடைக்காரர், "ஸ்டாக் க்ளியரன்ஸ் ஸார், பேப்பர்கூடப் பிரிக்கலை" என்று முந்நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தபோது, என்னைப் போல் கெட்டிக்காரன் உண்டா என்று பூரித்துப் போனேனே! அம்மாவின் முழங்கை விலை முந்நூறு.

டயர் ஓடினால்தான் தேயும். ஆனால் சும்மா கிடந்தாலும் கிழடு தட்டும். காற்றும் உஷ்ணமும் வெயிலும் ரப்பரை மெல்ல மெல்ல இறுக்கிவிடும். இறுகின ரப்பர் ரோட்டைப் பிடிக்காது. ரேஸ் பைக்கில் வரியே இல்லாத மொழுமொழு டயர் போடுகிறார்களே, அது எப்படிப் பிடிக்கிறது? ரப்பர் மிருதுவாக இருப்பதால்தான். வரிகளுக்கு முக்கிய வேலை, மழையில் தண்ணீரை வெளியே தள்ளுவது. நமக்கு இரண்டுமே வேண்டும். வண்டிக்கும் ரோட்டுக்கும் இருக்கிற சம்பந்தமே உள்ளங்கை அகலத்தில் இரண்டு ரப்பர்த் துண்டுதான், யோசித்துப் பாருங்கள்.

தேய்மானத்துக்கும் அடையாளம் இருக்கிறது. பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்றோ சின்ன முக்கோணமோ போட்டிருக்கும். அதற்கு நேராக, வரிப் பள்ளத்துக்குள் ஒரு குட்டி மேடு. அந்த மேட்டு மட்டத்துக்கு டயர் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆகவேண்டும். டூ வீலருக்குச் சட்டமே குறைந்தது 0.8 மில்லிமீட்டர் ஆழம் கேட்கிறது.

விஷயம் ஆபீஸில் பரவியதும் இலவச ஆலோசனைகள் குவிந்தன. பக்கத்து ஸீட் நண்பர், "பின்னாடி 140 போடு மச்சி, சும்மா கெத்தா இருக்கும்!" என்றார். என் வண்டி பல்ஸர் 150. பின்னால் கம்பெனி போட்டுக் கொடுத்தது 100/90-17. அதாவது அகலம் 100 மில்லிமீட்டர், உயரம் அந்த அகலத்தில் 90 சதவிகிதம், ரிம் 17 அங்குலம். பக்கத்திலேயே '55பி' என்று இருக்கும். 55 என்றால் 218 கிலோ தாங்கும். 'பி' என்றால் 150 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். (அந்த வேகத்தை என் வண்டி கனவில்தான் தொடும்.) குறுகலான ரிம்மில் குண்டு டயரைத் திணித்தால் இரண்டு பக்கமும் இறுகி, டயரின் வடிவமே மாறிவிடும். வளைவில் படிய வேண்டிய இடம் படியாது. செயினில் உரசலாம். மைலேஜும் பிக்கப்பும் போய்விடும். பார்க்கிங்கில் நிற்கும்போது மட்டும் கெத்தாக இருக்கும்!

ஜி.பி. ரோடு கடையில் அடுத்த கேள்வி: "மைலேஜ் டயரா, க்ரிப் டயரா ஸார்?" கெட்டியான ரப்பர் நெடுநாள் உழைக்கும், மிருதுவானது ரோட்டைக் கவ்வும், சீக்கிரம் தேயும். அம்மா முகம் ஞாபகம் வந்தது. க்ரிப் என்றேன். கட்டத்தில் எண்ணைப் பார்த்தேன்: நாலு மாசக் குழந்தை. சந்தோஷம்.

முன் டயர் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பளு பின்னால்தானே, அதனால் பின் டயர்தான் சீக்கிரம் தேயும். ஆனால் அதன் ஜாதகத்தையும் பார்க்கச் சொன்னார் பாய். அதுவும் கிழம். மாற்றினேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

மாட்டும்போது பக்கத்திலேயே நின்றேன். டயரில் அம்புக்குறி இருக்கும், சக்கரம் உருளுகிற திசைக்கு. அவசரத்தில் திருப்பி மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. காற்று என் வண்டிக்கு முன்னால் 25, பின்னால் தனியாகப் போனால் 28, ஆளோடு 32. உங்களுடையது வண்டியோடு கொடுத்த புஸ்தகத்தில் இருக்கும். (அதை எங்கே வைத்தீர்கள் என்று கேட்கமாட்டேன்.)

"முதல் நூறு, நூத்தம்பது கிலோமீட்டர் பொறுமையா ஓட்டுங்க தம்பி. புது டயர் மேல வழவழப்பு இருக்கும்" என்று அனுப்பி வைத்தார் பாய். பொறுமைக்கு என்ன குறைச்சல்? பின் ஸீட்தான் காலியாயிற்றே! "பஸ்ஸில பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே கிடையாது, நீ போடா" என்று அம்மா மூன்று வாரமாய் என் வண்டிப் பக்கமே வரவில்லை.

நாலாவது வாரம் மறுபடி கண் டாக்டர். வாசலில் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தேன். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வந்தவர், குனிந்து பின் டயரைத் தடவினார். புது டயரில் குட்டிக் குட்டி ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்குமே, அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"என்னடா இது, டயருக்கு மீசை முளைச்சிருக்கு?" என்றபடி என் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார்.