உவர்நிலத்தில் ஓமவல்லி

பழவேற்காட்டு ஏரி, இந்திய உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது. கார்த்திகை மழையில் ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் சுமந்துவர, ஏரியின் உப்புத் தணிகிறது. கோடையில் நீர் வற்ற வற்ற உப்பு ஏறி, சில இடங்களில் கடல்நீரையும் விஞ்சுகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு என்பதை எண்ணினால், கரையோர மீனவர் குப்பங்களில் செடி வளர்ப்பதன் அருமை விளங்கும்.

மேலைநாட்டுத் தைம் செடியும் நம் ஓமவல்லியும் துளசிக் குடும்பத்தவை. தைமால், கார்வக்ரால் என்னும் எண்ணெய்ப் பொருள்களே இரண்டின் மணத்துக்கும் அடிப்படை. மத்தியதரைக் கடலோரத்தின் வறண்ட குன்றுகளில் வளர்ந்த தைம், நம் கரையின் புழுக்கத்தில் எளிதில் அழுகிவிடும். சளிக்கும் இருமலுக்கும் இலை கிள்ளித் தரும் ஓமவல்லியே இங்கு ஏற்றது.

அதற்கும் ஒரு பெருந்துன்பம் உண்டு: மண்ணில் ஈரம் இருக்கும்போதே இலை துவளும். இதன் காரணங்கள் இரண்டு. அவற்றின் மருந்துகளோ ஒன்றுக்கொன்று எதிரானவை.

முதலாவது வேரழுகல். நீர் தேங்கினால் வேருக்குக் காற்றுக் கிட்டாது, பூஞ்சை பற்றும். மண்ணை ஒட்டிய தண்டை விரலால் அழுத்தினால் பழுப்பேறிக் குழையும். நீரை நிறுத்தி, மேலேயுள்ள நலமான கிளையை வெட்டி மணல் கலந்த புதுமண்ணில் நடுக.

இரண்டாவது உப்பு. மண்ணீரில் உப்பு மிகுந்தால் சவ்வூடு பரவல் தடைப்பட்டு, வேரால் நீரை உறிஞ்ச இயலாது. தண்டு உறுதியாக இருக்கும். இலை விளிம்பு மட்டும் கருகும். அடிகுழாய் நீர் உவர்ப்பாயின் அதைத் தவிர்த்து, அடியில் துளையுள்ள தொட்டியில் மழைநீரை வழிந்தோடுமளவு ஊற்றி உப்பைக் கழுவுக. தென்னைநார்க் கழிவிலும் உப்பு உண்டு. அலசியபின் கலப்பதே நன்று.

இலைக்காம்பின் இடுக்கில் வெண்பஞ்சு போல் மாவுப்பூச்சி அடைந்தால், வேப்பெண்ணெயைச் சவர்க்காரக் கரைசலில் கலந்து மாலையில் தெளிக்கலாம். முதிர்ந்து கட்டையான தண்டுகளை வெட்டிவிட்டால் புதுத்துளிர் செழிக்கும்.

நடுவதற்குத் தை மாதம் தக்கது. பருவமழை மண்ணின் உப்பைக் கழுவியிருக்கும்; நீர் தேங்கும் அச்சமும் நீங்கியிருக்கும். செடி துவண்டால் உடனே குடத்தைத் தூக்காமல், தண்டைத் தொட்டுப் பார்த்த பின்னரே நீர் வார்க்க வேண்டும்.