பிரான்ஸில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு



கோடை விடுமுறை நெருங்கினாலே நம் அலுவலகத்துக்கு ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கிவிடும். "மகளுக்குப் பிரசவம், பாரிஸுக்குக் கூப்பிடுகிறாள், என்னென்ன காகிதம் வேண்டும்?" "அந்த ஊரில் தொழுகை நேரம் எப்படி?" "நெய் கொண்டு போகலாமா?" உம்ராவுக்குப் போகிறவர்களுக்குக் குழு உண்டு, கூடவே வரும் ஆலிம் உண்டு, புறப்படுவதற்கு முன் வகுப்புகூட உண்டு. பிரான்ஸுக்குப் போகிற ஒரு தாய்க்கு இவை எதுவும் இல்லை. மாத்திரைப் பையும் கையுமாகத் தனியாகவே விமானம் ஏறுகிறார். அவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் இது புதிய பயணம் அல்ல. 1954 நவம்பர் 1 அன்று இந்தப் பகுதிகளின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அன்று கையெழுத்துப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பாரிஸ் புறநகர்களில் குடும்பம் நடத்துகிறார்கள். இங்கே தங்கிவிட்ட உறவுகள் அவர்களைப் பார்க்க விசா வாங்க வேண்டியிருக்கிறது.

முதல் வேலை நம்முடையது அல்ல, அங்கே இருக்கும் பிள்ளையுடையது. உறவினர் வீட்டில் தங்கப் போகிறவருக்கு, அந்த ஊர் மேரி, அதாவது நகராட்சி அலுவலகம், 'அத்தெஸ்தாசியோன் தாக்கேய்' என்ற தங்கும் இடச் சான்றைத் தர வேண்டும். (நம் கடற்கரைச் சாலையில் நிற்கிறதே மேரி கட்டடம், அதே மேரிதான்.) பிள்ளை தன் வீட்டின் அளவையும் வருமானத்தையும் காட்டி, 30 யூரோ முத்திரைக் கட்டணம் செலுத்தி வாங்க வேண்டும். சில நகராட்சிகளில் இதற்கே பல வாரம் ஆகும். அசல் காகிதம் தபாலில் நம் கைக்கு வர வேண்டும். ஆகவே பிரசவத் தேதி தெரிந்த உடனேயே மகனையோ மருமகனையோ மேரிக்கு அனுப்பிவிடுங்கள். விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்னதாகக் கொடுக்க வேண்டும். 15 நாள் என்பது சட்டத்தில் உள்ள கணக்கு. கோடைக் கூட்டத்தில் அதை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

இந்தச் சான்று இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. பயணி தன் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை நாளொன்றுக்கு 32.50 யூரோவாகக் குறைகிறது. ஹோட்டலில் தங்குகிறவர் 65 யூரோ காட்ட வேண்டும். இரண்டும் இல்லாதவர் 120 யூரோ. ஒரு மாதத் தங்கலுக்கு எவ்வளவு வித்தியாசம் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

விண்ணப்பத்தைப் பிரான்ஸ் அரசின் விசா இணையதளத்தில் பூர்த்தி செய்து, நேரம் குறித்துக்கொண்டு, விஎஃப்எஸ் மையத்தில் கைரேகை கொடுக்க வேண்டும். இதற்குச் சென்னை வரை போக வேண்டியதில்லை, புதுச்சேரியிலேயே மையம் இருக்கிறது. விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 45. ஆறு வயதுக்குக் கீழ் இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. நேரம் பிடித்துத் தருவதாகச் சொல்லிக் காசு கேட்கும் இடைத்தரகர்களிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்ல வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும்.

வங்கிக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். விண்ணப்பிப்பதற்கு முதல் வாரம் நாலு பேரிடம் கைமாற்று வாங்கிக் கணக்கில் இரண்டு லட்சம் போடுகிற பழக்கம் நம்மில் இருக்கிறது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் அது உதவியை விட உபத்திரவம்தான். கணக்கில் சிறிய தொகையே இருந்தாலும் மாதாமாதம் பென்ஷனோ வாடகையோ வருவது தெரிந்தால் அதுவே பேசும். பிள்ளை செலவை ஏற்கிறார் என்றால் அவருடைய சம்பளச் சீட்டையும் சேர்த்து வையுங்கள். அதிகாரி பார்ப்பது முக்கியமாக ஒன்றைத்தான்: இவர் திரும்பி வருவாரா? கணவர், மற்ற பிள்ளைகள், வீடு, நிலம், கடை, வேலை என்று இங்கே உங்களை இழுத்துப் பிடிக்கிற எதுவானாலும் அதற்கான காகிதத்தை வையுங்கள். மறுப்பு வந்தால் காரணம் கடிதத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் அதே காகிதங்களோடு மறுபடி கட்டணம் கட்டுவது வீண்.

பயணக் காப்பீடு கட்டாயம். குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் செல்ல வேண்டும். விலை குறைந்ததைப் பார்த்து வாங்கிவிடாமல், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றால் அவசரம் வந்தால் பணம் கிடைக்குமா என்ற ஒரு வரியை மட்டுமாவது யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பல பாலிசிகளில் அது விலக்கப்பட்டிருக்கும். அங்கே சுற்றுலாப் பயணிக்கு மருத்துவமனைச் செலவு இலவசம் அல்ல. ஓர் இரவுத் தங்கலே மகனின் ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றுவிடலாம்.

விசா கிடைத்ததும் எல்லோரும் பார்ப்பது 'எது முதல் எது வரை' என்ற இரண்டு தேதிகளைத்தான். அதற்குப் பக்கத்தில் நாட்களின் எண்ணிக்கை என்று இன்னொரு கட்டம் இருக்கிறது. ஆபத்து அங்கேதான். உதாரணமாக, ஜூன் 1 முதல் செப்டம்பர் 13 வரை என்று தேதி இருக்கும், நாட்கள் 90 என்று இருக்கும். செப்டம்பர் 13 வரை இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வோம். ஜூன் 1 அன்று இறங்கியவர் ஆகஸ்ட் 29 அன்றே வெளியேறிவிட வேண்டும். கூடுதலாகத் தெரிகிற 15 நாள், பயணத் தேதி கொஞ்சம் தள்ளிப்போனால் உதவுவதற்காகக் கொடுக்கப்படுவது, தங்குவதற்கு அல்ல. இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் கணக்கில் சேரும். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் கூடாது. ஜெர்மனி, பெல்ஜியம் போய் வந்தாலும் அந்த நாட்களும் இதே கணக்கில்தான். முன்பெல்லாம் அதிகாரி முத்திரையைப் புரட்டிப் பார்த்துக் கணக்குப் போடுவார். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கணினிப் பதிவு முறை வந்துவிட்டது. ஒரு நாள் கூடினாலும் இயந்திரம் காட்டிக்கொடுக்கும், அடுத்த விசா கேள்விக்குறியாகிவிடும்.

இத்துடன் ஒன்று. உறவைப் பார்க்கப் போகிற விசாவில் வேலை செய்ய அனுமதி கிடையாது. "இறங்கினால் போதும், கடையில் வேலை, பிறகு பேப்பர் ஆகிவிடும்" என்று சொல்லி லட்சக்கணக்கில் வாங்குகிறவர்கள் ஈசிஆர் நெடுகிலும் இருக்கிறார்கள். அப்படிப் போய், வருடக் கணக்கில் வாப்பாவின் ஜனாஸாவுக்குக்கூடத் திரும்ப முடியாமல் கிடக்கிற பிள்ளைகளைப் பற்றி நாம் எல்லோருமே கேள்விப்பட்டிருக்கிறோம்.

பெட்டி கட்டும் விஷயத்துக்கு வருவோம். இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. உப்புக்கண்டம், நெய், பால்கோவா, பன்னீர் எல்லாம் இதில் அடங்கும். உம்மா பார்த்துப் பார்த்துச் செய்த பிரியாணியும் சுங்கத்தின் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். கறிவேப்பிலை, மாங்காய், பச்சைக் காய்கறிகளுக்குத் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும். தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், அன்னாசி ஆகியவற்றுக்கு அது தேவையில்லை. மீனுக்கு மட்டும் சலுகை உண்டு, 20 கிலோ வரை அனுமதி, கருவாடும் அதில் சேர்த்தி! பிள்ளைச்சாவடிக்காரர்கள் சந்தோஷப்படலாம். ஆனால் காற்றுப் புகாமல் நாலு உறை போட்டுக் கட்டுங்கள், பக்கத்துப் பெட்டிக்காரரும் நம்மைப் போல மனிதர்தானே. மசாலாப் பொடி, புளி, அப்பளம் இவற்றால் சிரமம் இல்லை.

மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், இன்சுலின் கட்டாயம் கைப்பையில்தான். சரக்குப் பெட்டி போகிற இடத்தில் அது உறைந்து கெட்டுவிடலாம். மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதிய சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர் கம்பெனிப் பெயர் அங்கே உள்ள மருந்துக் கடைக்காரருக்குத் தெரியாது. பச்சை நிறச் சிலுவை விளக்கு எரிகிற கடைதான் மருந்துக் கடை.

மேரி கொடுத்த சான்றின் அசல், காப்பீடு, திரும்பும் டிக்கெட், பிள்ளையின் முகவரி, தொலைபேசி எண் எல்லாம் கையிலேயே இருக்க வேண்டும். விசா ஒட்டியிருந்தாலும் எல்லைப் போலீஸ் இவற்றைக் கேட்கலாம். விமானம் ஃபிராங்ஃபர்ட் வழியாகப் போனால் அந்தக் கேள்வி பாரிஸில் அல்ல, ஃபிராங்ஃபர்ட்டிலேயே வரும், ஏனென்றால் முதலில் நுழையும் ஷெங்கன் விமான நிலையத்தில்தான் சோதனை. மொழி தெரியாத முதியவர்களுக்கு எங்கள் யோசனை: டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதிவு செய்யுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்னால். கட்டணம் கிடையாது. நடக்க முடிந்தவர் கேட்கக் கூச்சப்படுவார். ஆனால் துபாயிலோ தோஹாவிலோ அடுத்த விமானத்தின் வாசல் வரை ஒரு மனிதர் கூடவே வருகிறார் என்பதே பெரிய உதவி.

தொழுகையில் முதலில் மாறுவது திசை. இங்கே மேற்கே சற்று வடக்காகத் திரும்பி நிற்கிறோம். பாரிஸில் கிப்லா தென்கிழக்கு. பழக்கத்தில் மேற்கே நின்றுவிடாதீர்கள். அடுத்தது நேரம். ஜூனில் சூரியன் மறைய இரவு பத்து மணியாகும், இஷா நள்ளிரவை நெருங்கும், காலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். டிசம்பரில் இதற்கு நேர்மாறு. ஐந்து மணிக்குள் மக்ரிப் வந்துவிடும், சூரியன் உதிக்க எட்டே முக்கால் ஆகும். கோடையில் பஜ்ருக்கும் இஷாவுக்கும் பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் அட்டவணை வேறுபடும். பிள்ளைகள் போகும் பள்ளியின் அட்டவணையையே பின்பற்றுங்கள், குடும்பத்துக்குள் இரண்டு நேரம் வேண்டாம். கைபேசியில் ஊரை மாற்ற மறந்தால் புதுச்சேரி பாங்குதான் கேட்டுக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் அந்த ஊர் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை.

வழியில் கஸ்ர் தொழலாம். சேர்த்துத் தொழுவதில் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு, புறப்படும் முன் உங்கள் இமாமிடம் கேட்டுவிடுங்கள். மகள் வீட்டில் மாதக்கணக்கில் தங்கப் போகிறவர் அங்கே போனதும் முழுமையாகவே தொழ வேண்டும். இன்னொன்று, சொல்லக் கூச்சமானாலும் தேவையானது: கழிப்பறைகளில் காகிதம் மட்டும்தான் இருக்கும். ஒரு சிறிய காலி பாட்டில் கைப்பையில் இருக்கட்டும்.

தலைமுக்காடு பற்றிப் பெண்கள் பயந்துகொண்டு கேட்கிறார்கள். தெருவில், கடையில், ரயிலில் முக்காடு அணியத் தடை இல்லை. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு உள்ள தடை வருகையாளரைச் சேராது. ஆனால் முகத்தை மூடுவது பொது இடங்களில் 2011 ஏப்ரல் முதல் சட்டப்படி குற்றம், அபராதம் 150 யூரோ வரை. நிகாப் அணிகிறவர்கள் இதை அறிந்து, வீட்டாரோடு பேசி முடிவு செய்த பிறகு பயணத்தை யோசிப்பது நல்லது. அங்கே போய் தெருவில் போலீஸோடு வாதம் செய்வதில் பயன் இல்லை.

உணவில் பன்றி சேர்ந்ததா என்று கண்டுபிடிப்பதுதான் சிரமம். பிஸ்கட், மிட்டாய், தயிர் வகைகளில்கூட ழெலத்தீன் இருக்கும். பன்றி, பன்றிக் கொழுப்பு, ழெலத்தீன், ஒயின் ஆகிய சொற்களைப் பிரெஞ்சு எழுத்தில் ஒரு சீட்டில் எழுதித் தரும்படி பிள்ளையிடம் கேளுங்கள். அதை வைத்துக்கொண்டு அட்டையில் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். ஹலால் இறைச்சிக் கடைகள் புறநகர்களில் நிறைய உண்டு. பாரிஸில் லா ஷப்பேல் பகுதியில் இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே முருங்கைக்காயும் கிடைக்கும், வழி கேட்கத் தமிழும் கிடைக்கும்.

கடையிலோ பேருந்திலோ 'போன்ஜூர்' சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. ரயில் டிக்கெட்டை இறங்கி வெளியே வரும் வரை தூக்கிப் போடாதீர்கள், பரிசோதகர் வந்தால் அந்த இடத்திலேயே அபராதம். கூட்டமான ரயிலில் கைப்பையை முன்பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும், பிறகு பாரிஸிலுள்ள இந்தியத் தூதரகம். பாஸ்போர்ட், விசா இரண்டின் நகலையும் இங்கே வீட்டில் ஒன்று, மகளிடம் ஒன்று என்று வைத்துவிட்டுப் போங்கள்.

அவசரத்துக்கு 112 எங்கிருந்தும் வேலை செய்யும். மருத்துவ ஆம்புலன்ஸுக்கு 15, போலீஸுக்கு 17, தீயணைப்புக்கு 18. இந்த எண்களையும், மகள் வீட்டு முகவரியைப் பிரெஞ்சில் எழுதிய சீட்டையும் கைபேசியில் மட்டும் வைக்காமல் தாளில் எழுதி, கோட்டுப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குளிரில் கைபேசியின் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும்.